எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் மலக்குடல் அல்ட்ராசவுண்ட் எதற்கு?

கேள்வி:

எங்க ஊர் கோபிக்குப் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, தோட்டம் பார்க்கிறார். ஏழெட்டு மாசமா மலத்தோட ரத்தம் போச்சு. மூலம்னு நெனச்சு ஒரு மூல வைத்தியசாலையில ரெண்டு தடவை ஊசி போட்டுக்கிட்டார். நிக்கலை. ஈரோட்டுல கொலனோஸ்கோபி பண்ணினதுல ஆசனவாய்ல இருந்து 6 செ.மீ. உள்ளே, பின்பக்கச் சுவர்ல 2.5 செ.மீ. கட்டி. பயாப்சியில கேன்சர்னு வந்துச்சு. சி.டி.யில கல்லீரலும் நுரையீரலும் சுத்தம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுல 'டி1/டி2, நெறிக்கட்டி சந்தேகமாக இல்லை'ன்னு போட்டிருக்கு. கோயமுத்தூர்ல பார்த்த சர்ஜன், ஆசனவாய் வழியா ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துட்டு ஆபரேஷனை முடிவு பண்ணலாம்கிறார். "இத்தனை ஸ்கேன் எடுத்தாச்சு, மறுபடி எதுக்குங்க?"ன்னு அப்பா கேட்கிறார். "குழாயை விட்டுக் கிளறினா பரவிப் போயிரும், வேண்டாம்"கிறார் பெரியப்பா. திருப்பூர் அத்தைக்கு இதே நோய்க்கு முதல்ல அஞ்சு வாரம் ரேடியேஷன் கொடுத்தாங்க. அப்பாவுக்கு ஏன் அதைச் சொல்லலை? இந்த ஸ்கேன் வலிக்குமா? வயித்துல பை வைக்க வேண்டி வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம், முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கலாம். எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான் என்றால் அந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு இந்த ஸ்கேனின் முடிவைப் பொறுத்து ஆபரேஷனே மாறும். அதனால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. முக்கியமாக, அந்த மூல ஊசி விஷயத்தை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும். அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டி1/டி2' என்று இருக்கிறதே, அந்த நடுக்கோடுதான் இப்போதைய சிக்கல். மலக்குடலின் சுவர் மொத்தமே சில மில்லிமீட்டர் தடிமன். உள்பக்கம் சளிச்சவ்வு. அதன் அடியில் தளர்வான அடிச்சவ்வு. அதற்கு அடுத்து தசை. தசைக்கு வெளியே கொழுப்பு, அந்தக் கொழுப்புக்குள் நெறிக்கட்டிகள், எல்லாவற்றையும் சுற்றி மெல்லிய உறை. கட்டி சளிச்சவ்வில் முளைத்து வெளியே நோக்கி வளர்கிறது. அடிச்சவ்வு வரைக்கும் போயிருந்தால் டி1, தசைக்குள் போயிருந்தால் டி2, தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருந்தால் டி3, பக்கத்து உறுப்பைத் தொட்டுவிட்டால் டி4.

டி1 கட்டியில் நெறிக்கட்டிக்கு நோய் போயிருக்கும் வாய்ப்பு சுமாராக 100க்கு 10. அடிச்சவ்வின் மேல்பகுதியோடு நின்ற கட்டியில் அது இன்னும் குறைவு. தசைக்குள் புகுந்த டி2 ஆகிவிட்டால் 100க்கு 20 பக்கம் போகிறது. ஆகவே நல்ல டி1 கட்டியை, அதாவது 3 செ.மீ.க்கு உட்பட்டு, குடல் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்து, பயாப்சியில் மோசமான வகை என்று வராத கட்டியை, வயிற்றைத் தொடாமல் ஆசனவாய் வழியாகவே சுவரின் முழுக் கனத்தோடும் வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலும் சில நாளில் வீடு திரும்பலாம், பையும் கிடையாது. டி2 என்றால் அது போதாது. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் நெறிக்கட்டிகளையும் உறை கிழியாமல் ஒரே பொதியாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982இல் விவரித்த முறை இது. கட்டி அதே இடத்தில் திரும்ப வருவதை வெகுவாகக் குறைத்தது. ஆனால் பெரிய ஆபரேஷன். அதன்பின் மலம் போகும் பழக்கம் மாறும், சிலருக்குச் சிறுநீர், தாம்பத்தியப் பிரச்சினைகளும் வரும். 61 வயதில் தோட்ட வேலை செய்கிற மனிதருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. டி1ஆ டி2ஆ என்று தெரியாமல் எந்த நல்ல சர்ஜனும் கத்தியை எடுக்க மாட்டார்.

அதை எம்.ஆர்.ஐ. ஏன் சொல்லவில்லை? அதன் பலம் வேறு இடத்தில். கொழுப்பைச் சுற்றியுள்ள உறை வரைக்கும் அது தெளிவாகக் காட்டும். கட்டி அந்த உறைக்கு 1 மி.மீ.க்குள் நெருங்கிவிட்டதா, கொழுப்பில் உள்ள ரத்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டதா என்று சொல்வதில் அதற்கு ஈடு இல்லை. சளிச்சவ்வையும் அடிச்சவ்வையும் தசையையும் பிரித்துப் பார்ப்பதில்தான் தடுமாறும். சி.டி. இந்த விஷயத்தில் இன்னும் கீழே. குடல் சுவரின் அடுக்குகளே அதில் தெரியாது. கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுத்தார்கள். மலக்குடல் அல்ட்ராசவுண்டுக்கு எட்டுகிற தூரம் குறைவு, வெளி உறை அதில் தெரியாது. ஆனால் கட்டியின் பக்கத்திலேயே புரோப், அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் கருவி, நிற்பதால், உயர் அலைவரிசையில், 10 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும் வைத்துச் சுவரை அடுக்கு அடுக்காகப் பார்க்கலாம். அலைவரிசை கூடக்கூடப் படம் கூர்மையாகும், ஆழம் குறையும். சின்னக் கட்டிக்குக் கூர்மைதான் வேண்டும். ஆக, மூன்று ஸ்கேனும் மூன்று வேறு கேள்விக்கு. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று ஆகாது.

அத்தைக்கு ரேடியேஷன் கொடுத்த காரணமும் இதிலேயே இருக்கிறது. கட்டி தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் ஆழமாகப் போயிருந்தாலோ, நெறிக்கட்டியில் இருந்தாலோ, உறைக்கு நெருங்கியிருந்தாலோதான் பொதுவாக முதலில் ரேடியேஷன். வாரத்துக்கு 5 நாள் வீதம் 25 முதல் 28 தடவை, மொத்தம் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. அல்லது 5 நாளில் 25 கிரே என்ற குறுகிய முறை. அப்பாவின் கட்டி டி1 அல்லது டி2, நெறிக்கட்டியும் இல்லை என்றால் அந்தச் சிகிச்சையால் லாபத்தைவிடப் பக்கவிளைவுதான் மிச்சம். அத்தைக்குக் கொடுத்ததை அப்பாவுக்குக் கொடுக்கவில்லை என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். கட்டியைச் சீக்கிரமே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்கேன் எப்படி நடக்கும் என்பதற்கு வருகிறேன். முதலில், எங்கே எடுப்பது? 'ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட்' என்று கேட்டால் பல ஸ்கேன் சென்டர்களில் புராஸ்டேட் பார்க்கும் ஸ்கேன் என்று எடுத்துக்கொள்வார்கள். சுருக்கப் பெயர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம் இது. புராஸ்டேட் புரோப் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் பார்க்கும். உங்கள் அப்பாவுக்குக் கட்டி பின்சுவரில். இவருக்கு வேண்டியது 360 டிகிரியும் சுழன்று குடலின் முழு வட்டத்தையும் காட்டும் புரோப், நுனியில் தண்ணீர் நிரப்பும் பலூனோடு. அது இல்லாத இடத்தில், வளையும் எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியால் குடல், கணைய நோய் நிபுணர்கள் பார்ப்பார்கள், அதுவும் சரிதான். சர்ஜன் எழுதிய சீட்டைக் காட்டி, 'மலக்குடல் புற்றுநோயின் ஆழம் பார்க்க' என்று போனிலேயே சொல்லி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கோபியில் இருந்து கோவைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே போய் இறங்கித் திரும்பி வரக்கூடாது.

பஸ் என்றதும் எனிமா ஞாபகத்துக்கு வருகிறது. கொலனோஸ்கோபிக்குக் குடித்த மாதிரி லிட்டர் கணக்கில் மருந்து குடிக்க வேண்டியதில்லை, மலக்குடல் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். வழக்கமாக முந்தின ராத்திரி ஒரு எனிமா, ஸ்கேனுக்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் இன்னொன்று. இரண்டாவதை வீட்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் நர்ஸிடம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கடையில் கிடைக்கும் ரெடிமேட் எனிமா பாஸ்பேட் உப்புக் கரைசல். கிட்னி பாதிப்பு இருப்பவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். அப்பாவின் கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு எனிமா கொடுப்பார்கள். முந்தின ராத்திரி களி, கொள்ளு, கீரை வேண்டாம். இட்லியோ ரசம் சாதமோ போதும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் இந்த ஸ்கேனுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இதில் எதையும் வெட்டுவதில்லை. ரப்பர் கையுறை, பலூன் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடித்துப் படுக்க வைப்பார்கள். முதலில் விரலால் சோதனை. பிறகு ஒரு குட்டையான குழாய்க் கருவியை விட்டு, மிச்சமிருக்கும் எனிமா தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கட்டியைக் கண்ணால் பார்ப்பார்கள். விரலைவிடச் சற்றுத் தடிமனான புரோப் அந்தக் குழாய் வழியாகக் கட்டிக்கு மேல்வரை போகும். அது முக்கியம். கட்டிக்கு மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தால்தான் முழுக் கட்டியும் பதியும், மேல்பக்கக் கொழுப்பில் உள்ள நெறிக்கட்டிகளும் தெரியும். பலூனில் காற்றுக் குமிழி இல்லாத தண்ணீர், பொதுவாக 30 முதல் 60 மி.லி. வரை. பிறகு புரோப்பை மெல்ல இழுப்பார்கள். புதிய முப்பரிமாணக் கருவிகள் ஒரு நிமிடத்தில் 6 செ.மீ. நீளத்தைத் தாமே பதிவு செய்துவிடும். எல்லாம் சேர்த்து 15, 20 நிமிடம். மயக்க ஊசி வேண்டியதில்லை. மலம் முட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு அவஸ்தை இருக்கும், வலி என்று பெரிதாக இராது. அந்த நேரம் வாயைத் திறந்து மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். முக்கினால் படம் கலங்கும். வலி கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் அப்பா சொல்லிவிட வேண்டும்.

திரையில் தெரிவது ஐந்து வளையங்கள். பவானி ஜமுக்காளத்துப் பட்டைகளை வட்டமாக வளைத்து வைத்தது போல, உள்ளிருந்து வெளியே வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. முதல் வெள்ளை, பலூனும் சளிச்சவ்வும் தொடும் இடம். உள்கருப்பு சளிச்சவ்வு. நடு வெள்ளை அடிச்சவ்வு. வெளிக்கருப்பு தசை. கடைசி வெள்ளை, தசை முடிந்து கொழுப்பு தொடங்கும் விளிம்பு. கட்டி கருப்பாகத் தெரியும். நடு வெள்ளை மெலிந்தோ நெளிந்தோ இருந்தாலும் அறுபடாமல் ஓடினால் டி1. அது அறுந்து, கட்டியின் கருப்பு தசையின் கருப்போடு கலந்து தடித்திருந்து, கடைசி வெள்ளை முழுசாக இருந்தால் டி2. கடைசி வெள்ளையையும் ரம்பப் பல் மாதிரி உடைத்துக்கொண்டு வெளியே போயிருந்தால் டி3. ரிப்போர்ட்டில் 'யுடி1', 'யுடி2' என்று முன்னால் ஒரு எழுத்துச் சேர்த்து எழுதுவார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்த நிலை என்பதற்கான அடையாளம் அது. 1985இல் ஜெர்மன் மருத்துவர்கள் ஹில்டெபிராண்டும் ஃபைஃபலும் வகுத்த முறை. உங்கள் அப்பாவின் ஆபரேஷன் அந்த நடு வெள்ளைக் கோட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கோட்டைத் தப்பாகப் படிக்க வைக்கும் காரணங்கள் பல. மலத் துணுக்கோ காற்றுக் குமிழியோ இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும், கோடு அறுந்த மாதிரியே தோன்றும். எனிமா அரைகுறையாக வேலை செய்திருந்தால் அன்றைக்கே மறுபடி கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இருக்கிற படத்தை வைத்து ஒப்பேற்றக் கூடாது. பலூனில் தண்ணீர் குறைந்தால் சுவரோடு ஒட்டாது, கூடினால் கட்டியையும் அடுக்குகளையும் சேர்த்து நசுக்கிவிடும். நல்ல கை உள்ளவர் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று அளவில் பார்ப்பார். ஒலி சுவரில் செங்குத்தாக விழ வேண்டும். சாய்வாக விழுந்தால் எல்லா அடுக்கும் தடித்துத் தெரியும், கட்டி நிஜத்தைவிட ஆழமாகப் போனதாகத் தோன்றும். மலக்குடலின் மடிப்பு மேல் உட்கார்ந்த கட்டியிலும், ஆசனவாயை மூடித் திறக்கும் சுருக்குத்தசைக்கு ஒட்டி மேலே பலூன் கூம்புகிற இடத்திலும் இது அடிக்கடி நடக்கும். 6 செ.மீ. என்பது பெரும்பாலும் வசதியான இடம்தான்.

இவற்றைவிடப் பெரிய வில்லங்கம் வீக்கம். கட்டியும் கருப்பு, அதைச் சுற்றிய வீக்கமும் கருப்பு, தழும்பும் கருப்பு. ஒலிக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இந்த ஸ்கேனில் அதிகம் நடக்கும் தவறு, நிலையைக் கூட்டிச் சொல்வது, குறிப்பாக டி2வை டி3 என்பது. பயாப்சிக்காகச் சின்ன இடுக்கியால் கிள்ளி எடுத்ததில் ரத்தக் கசிவும் வீக்கமும் கொஞ்சம் இருக்கும், சில வாரத்தில் வடியும். சுருக்குக் கம்பி போட்டுக் கட்டியைப் பாதி அறுத்து எடுத்திருந்தால் அடுக்குகளே குலைந்துவிடும். கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'பயாப்சி' என்று மட்டும் இருக்கிறதா, 'பாலிபெக்டமி' (அறுத்து எடுத்தது) என்று இருக்கிறதா பாருங்கள். அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூல ஊசி. மூலத்துக்குப் போடும் ஊசி மருந்து போய்ச் சேருவது அடிச்சவ்வில்தான், அதாவது இந்த ஸ்கேன் தேடும் அதே நடு வெள்ளை அடுக்கில். அந்த மருந்தின் வேலையே அங்கே புண்ணாக்கித் தழும்பு உண்டாக்குவது. எண்ணெயில் கலந்த மருந்தாக இருந்தால், மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் அந்த இடத்தில் கெட்டியான முடிச்சு நின்றுவிடும். விரலுக்கும் ஸ்கேனுக்கும் அது கட்டி மாதிரியே தெரியும். வழக்கமாக மூல ஊசி ஆசனவாயில் இருந்து 3, 4 செ.மீ. உயரத்தில் போடப்படுகிறது, அப்பாவின் கட்டி 6 செ.மீ.யில். விலகித்தான் இருக்கிறது. ஆனால் எங்கே எவ்வளவு உயரத்தில் குத்தினார்கள் என்பது ரத்தம் வந்த இடத்தைப் பொறுத்தது. எந்த மாதம், எத்தனை ஊசி, எந்தப் பக்கம் என்று அப்பாவுக்கு ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதி ஸ்கேன் எடுப்பவரிடம் கொடுங்கள். நூல் கட்டியது, கார மருந்து வைத்தது இருந்தால் அதையும் எழுதுங்கள். 'திட்டுவார்களோ' என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். நம் பக்கம் பஸ் ஸ்டாண்டுகளில் மூலம், பௌத்திரம் என்று போர்டு இல்லாத சுவரே இல்லை. போனது அப்பாவின் தப்பில்லை. விரலால்கூடப் பார்க்காமல் ஊசி போட்டவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். 40ஐத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று முடிவு கட்டும் முன் ஒரு விரல் சோதனை செய்திருக்க வேண்டும். 6 செ.மீ.யில் உள்ள கட்டி பெரும்பாலும் விரலுக்கே எட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற அளவுக்குச் சில செல்கள் தசைக்குள் இறங்கியிருந்தால் எந்த ஸ்கேனும் காட்டாது, டி1 என்றே வரும். நெறிக்கட்டி விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். உருண்டையாக, கருப்பாக, 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகிப்பார்கள். ஆனால் மலக்குடல் புற்றில் நோயுள்ள நெறிக்கட்டிகள் பல அதைவிடச் சின்னவை. குறுக்காக வெட்டுப்பட்ட ரத்தக் குழாய்கூட உருண்டைக் கட்டி மாதிரித் தெரியும். புரோப்பை நகர்த்தும்போது அது நீண்டு ஓடினால் குழாய், அங்கேயே முடிந்தால் நெறிக்கட்டி. 'நெறிக்கட்டி இல்லை' என்ற வரியை 'தெரியவில்லை' என்று படித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நம்பலாம்? தொடக்க காலத்தில் சிறப்பு மையங்கள் ஆழத்தைச் சொல்வதில் 100க்கு 80, 90 சரி என்று எழுதின. ஜெர்மனியில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், ரேடியேஷன் இல்லாமல் நேராக ஆபரேஷனுக்குப் போன 7,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேனையும் வெட்டி எடுத்த குடலையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். 100க்கு சுமார் 65 தான் ஒத்துப்போனது. ஆண்டுக்கு 30 பேருக்கு மேல் எடுக்கும் மருத்துவமனைகளில் 73. கருவியைவிடக் கைப்பழக்கம் பெரிது என்பது இதில் தெரிகிறது. ரேடியேஷனை ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா என்று ஒப்பிட்டு 2004இல் வந்த ஜெர்மன் ஆய்விலும் இது வெளிப்பட்டது. அல்ட்ராசவுண்டில் முற்றிய நிலை என்று சொல்லி நேராக ஆபரேஷன் செய்தவர்களில் 100க்கு 18 பேருக்கு, எடுத்த குடலைப் பரிசோதித்தபோது முதல் கட்டம்தான் இருந்தது. அவர்களுக்கு முன்கூட்டியே ரேடியேஷன் கொடுத்திருந்தால் வீணாகப் போயிருக்கும். 'ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதை எடுக்கிறீர்கள்?' என்று பணிவாகக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டிய கேள்வி அல்ல. இதை நிறையச் செய்கிறவர் தயங்காமல் பதில் சொல்வார். சர்ஜனே புரோப் பிடிக்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது, படத்தையும் கட்டியையும் ஒரே கண் பார்க்கும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 'யுடி' எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கட்டியின் கீழ்விளிம்பு ஆசனவாயில் இருந்தும் சுருக்குத்தசையின் மேல்விளிம்பில் இருந்தும் எத்தனை செ.மீ., கடிகார முள் கணக்கில் எந்தத் திசை, சுற்றளவில் எவ்வளவு பிடித்திருக்கிறது, கட்டிக்கு மேல்வரை புரோப் போனதா, படத்தின் தரம் எப்படி என்பதெல்லாம் இருக்க வேண்டும். படங்களையும் பதிவையும் குறுந்தட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தட்டை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்னாலேயே கொடுங்கள். எழுதிய ரிப்போர்ட் மட்டும் போதாது.

யுடி1 என்று தெளிவாக வந்தால் ஆசனவாய் வழி ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஆனால் அங்கேயும் கடைசித் தீர்ப்பு, வெட்டி எடுத்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான். துண்டை ஒரே பாகமாக எடுத்து, விளிம்புகள் சுருளாமல் அட்டையில் ஊசி குத்தி விரித்து அனுப்ப வேண்டும். ரத்தக் குழாய்க்குள் செல்கள் இருந்தாலோ, அடிச்சவ்வின் அடி ஆழம்வரை போயிருந்தாலோ, விளிம்பில் 1 மி.மீ.க்குள் நோய் இருந்தாலோ, டி2 என்று மாறினாலோ, சில வாரத்தில் பெரிய ஆபரேஷனும் செய்ய வேண்டி வரும். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். இதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி வையுங்கள். அவர் சம்மதித்தால்தான் சின்ன ஆபரேஷனில் இறங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, வருடக்கணக்கில் பரிசோதனைக்கு வர முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். வர முடியாதவருக்கு அது பொருந்தாது.

யுடி2 வந்தால் நேராகப் பெரிய ஆபரேஷன். ஒருவேளை யுடி3 என்று வந்தால் அவசரப்பட்டு ரேடியேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஒன்று சொல்கிறது, இது வேறு சொல்கிறது என்றால், ஊசி, பயாப்சி வீக்கம் காரணமா என்று சர்ஜன், ரேடியாலஜிஸ்ட், கேன்சர் மருத்துவர் மூவரும் படத்தைச் சேர்ந்து பார்க்கட்டும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே கூட்டுக் கூட்டம் நடக்கும். 'எங்க கேஸை அதில் வைப்பீங்களா?' என்று கேட்கலாம்.

பை பற்றி. ஆசனவாய் வழி ஆபரேஷனுக்குப் பை கிடையாது. பெரிய ஆபரேஷனில் 6 செ.மீ. உயரக் கட்டிக்குச் சுருக்குத்தசையைக் காப்பாற்றிக் குடலை இணைத்துவிட முடியும், பெரும்பாலும். இணைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலில் தற்காலிகப் பை வைத்து, சில மாதத்தில் மூடிவிடுவார்கள். நிரந்தரப் பை, கட்டி சுருக்குத்தசையைப் பிடித்திருந்தால்தான். அந்தத் தகவலையும் இதே அல்ட்ராசவுண்ட் தரும்.

பெரியப்பாவுக்கு: புரோப் கட்டியைக் குத்துவதில்லை, கிள்ளுவதில்லை. வெளியே ஒலி அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். கதிர்வீச்சும் இல்லை. நோய் பரவுவது கட்டி தானாக ரத்தக் குழாய்க்குள்ளும் நெறிக்கட்டிக்குள்ளும் புகுவதால். அதற்கு இடம் கொடுப்பது தாமதம். அதற்காக இரண்டு வாரத் தாமதத்துக்கெல்லாம் பதற வேண்டியதில்லை; மாதக்கணக்கில் நாட்டு மருந்து பார்க்கிறேன் என்று போவதுதான் கெடுதல். ஸ்கேன் முடிந்த பின் ஓரிரு முறை லேசாக ரத்தம் பட்டால் பயம் வேண்டாம். ரத்தம் விடாமல் உறைந்து கட்டிகட்டியாகப் போனாலோ, வயிற்று வலியும் காய்ச்சலும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு, புற்றுநோய் ஆபரேஷன்கள் அதில் அடங்கும். எந்தப் பரிசோதனை சேரும், எது சேராது என்பதைப் பணம் கட்டும் முன் மருத்துவமனையிலுள்ள திட்டக் கவுன்டரில் கேளுங்கள். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் சி.இ.ஏ. என்ற, குடல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா என்றும் பாருங்கள். பின்னால் நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அந்த முதல் எண் வேண்டும்.

உங்களுக்கும் உங்கள் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு 61 வயதில் வந்திருப்பதால், பிள்ளைகள் 40 வயதில் ஒரு கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். 40ஐத் தாண்டியவர் இருந்தால் அப்பாவின் ஆபரேஷன் முடிந்து வீடு நிலைக்கு வந்ததும் செய்துவிடுங்கள். பெரியப்பாவும் அப்பாவின் மற்ற உடன்பிறந்தவர்களும் இதில் சேர்த்தி.